வாரேன் என்று சொல்லு

காலை ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிக் கால் மணி நேரம் ஆகியும் சின்னாயி வரவில்லை. பிரபா ஆலோசனை அறையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அறை என்பது பேச்சுக்குத்தான். நூல் கோன் அடைத்த அட்டைப்பெட்டிகள் அடுக்கும் ஸ்டோரில் ஒரு மூலையைப் பிளைவுட்டால் தடுத்து, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சிரிக்கும் போஸ்டரை ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும்போது காட்ட அது போதும். மற்ற நாட்களில் பெட்டி தூக்குகிறவர்கள் அவளைக் கேட்காமலேயே அவள் மேசையில் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போவார்கள்.

பள்ளிபாளையத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் வழியில் இருந்தது அந்த நூல்மில். ஹாஸ்டலில் முந்நூறு பெண்கள். அதில் நாற்பத்தொரு பேர் கொல்லிமலையிலிருந்து வந்தவர்கள். பிரபாவும் அந்த மலைதான். சேலத்தில் தங்கி எம்.எஸ்ஸி. உளவியல் படித்தாள். அவளுடைய ஊரில் அந்தப் படிப்பைப் படித்தவர் வேறு யாரும் இல்லை. அவள் அம்மாவுக்கு இன்றுவரை அதன் பெயர் வாயில் நுழையவில்லை. கேட்கிறவர்களிடம் 'மனசு டாக்டரு' என்று சொல்லிவைத்திருந்தாள்.

பிரபாவுக்கு மில்லிலேயே இருந்து ஓய்வு பெறும் ஆசை கிடையாது. மலையில் இருக்கும் பள்ளி விடுதிகளுக்கு ஆலோசகர்களை வேலைக்கு எடுக்கப்போவதாகச் சேலத்தில் ஓர் அறக்கட்டளை அறிவித்திருந்தது. உளவியலில் முதுகலைப் பட்டம் வேண்டும். ஆலோசகராக இரண்டு வருடம் வேலை செய்ததற்கான அனுபவச் சான்றிதழ் வேண்டும். பட்டம் கையில் இருந்தது. சான்றிதழுக்கு இன்னும் ஒரே ஒரு மாதம் பாக்கி. காலண்டரில் தேதிகளை அடித்துக்கொண்டே வந்தாள்.

சின்னாயி வந்து வாசலில் நின்றாள். பதினெட்டு வயது. ரிங் பிரேம் என்கிற நூற்பு மிஷினில் அறுந்த நூலை இணைக்கிற வேலை. புருவத்திலும் காதோரத்து முடியிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வா சாமி, ஒக்காரு. சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க்கா."

சின்னாயியின் அம்மா இறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு இரண்டு நாள் விட்டார்கள். கருமாதிக்கு விடவில்லை. ஆர்டர் நெருக்கடி, ஆள் இல்லை என்றார்கள். அவள் அழுது ஆர்ப்பாட்டம் ஏதும் செய்யவில்லை. அன்றைக்கும் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கூட இருக்கும் பெண்கள் பிரபாவிடம் வந்து, "அவ எங்ககூடப் பேசறதே இல்லீங்க்கா" என்று சொன்னார்கள்.

பிரபா படிவத்தை எடுத்தாள். ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண்.

"ரெண்டு வாரமா தூக்கம் எப்பிடி இருக்குது?"

"வருதுங்க்கா. கொஞ்சம் நேரங்கழிச்சு வருது."

"சோறு எறங்குதா?"

"எறங்குதுங்க்கா."

"செத்துட்டாத் தேவலைன்னு எப்பவாச்சும் நெனப்பு வந்துச்சா?"

"இல்லீங்க்கா."

கடைசிக் கேள்விக்குத்தான் அவள் எல்லாவற்றையும்விட வேகமாகப் பதில் சொன்னாள். கூட்டிப் பார்த்தால் ஆறு வந்தது. ஐந்திலிருந்து ஒன்பது வரை லேசானது என்று படிவத்தின் அடியில் அச்சிட்டிருந்தது. சின்னாயி எழுந்தாள். நாற்காலியை மேசைக்கடியில் ஓசையில்லாமல் தள்ளி வைத்தாள்.

"போறேங்க்கா" என்றாள்.

பிரபாவின் கையில் பேனா நின்றுவிட்டது. மலையிலும் சரி, கீழ்நாட்டிலும் சரி, கிளம்புகிறவர்கள் 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். தண்ணிக்குப் போனாலும் வாரேன். சந்தைக்குப் போனாலும் வாரேன். பேசத் தொடங்கிய குழந்தை வாய்தவறிப் 'போறேன்' என்று சொன்னால் அம்மாக்காரி அதன் வாயில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, வாரேன்னு சொல்லு என்பாள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளம்புகிற ஒருத்தி 'போறேன்' என்று சொல்வதைப் பிரபா அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தாள். மலைப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கும்போது விடுதியில் அவள் பாயில் பங்கு கேட்டுப் படுத்துக்கொள்கிற தோழி ஒருத்தி இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைக்கிற துணியை அப்படியே வைத்துவிட்டு, "போறேன் பிரபா" என்று சொல்லிக் கிளம்பினாள். மத்தியானம் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். காத்து கருப்புப் பட்டுவிட்டது என்றார்கள் ஊரில். தவறி விழுந்தாள் என்று எழுதினார்கள் விடுதியில். பிரபா உளவியல் படிக்கப் போனதற்குக் காரணம் அவ்வளவுதான். வேறு பெரிய லட்சியம் எதுவும் இல்லை.

"சின்னாயி, இங்க வா. இப்ப என்னன்னு சொன்ன?"

"போறேன்னு சொன்னேங்க்கா."

"வாரேன்னு சொல்லு."

சின்னாயி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவ சொல்லு சாமி. வாரேன்னு சொல்லிட்டுப் போ."

சின்னாயியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. துப்பட்டாவில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தரையில் போட்டாள். கடைசியில், "பொய்யி சொல்ல வரமாட்டேங்குதுங்க்கா" என்றாள்.

ஒன்பது கேள்விக்கும் வாய்கூசாமல் பொய் சொன்னவளுக்கு அந்த ஒரு சொல்லில் பொய் வரவில்லை. பிரபா வெளியே ஓடி, சின்னாயியின் அறைத்தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிவந்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தாள். நான் வரும்வரை கக்கூசுக்குப் போனாலும் இவளைத் தனியாக விடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு நடந்தாள்.

பணியாளர் மேலாளர் சபரிநாதன் ராசிபுரம் பக்கத்துப் பண்ணைக் குடும்பம். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். கூட்டுகிற அம்மாவையும் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார்.

"வாங்க அம்மணி. ஒக்காருங்க."

"சார், சின்னாயிய இன்னிக்கே ஆஸ்பத்திரியில காட்டி ஊட்டுக்கு அனுப்போணுமுங்க."

"ஏனுங்க, மேலுக்குச் சொகமில்லைங்களா?"

"மனசுக்குங்க சார். விட்டா உசுருக்கே ஆபத்துங்க."

அவர் பதறித்தான் போனார். படிவத்தை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மொத்தம் ஆறுன்னு போட்டிருக்கறீங்க. ஆறுன்னா என்னங்க?"

"லேசானதுங்க."

"அப்பறம் என்னங்க?"

"கெளம்பும்போது போறேன்னு சொன்னாளுங்க. வாரேன்னு சொல்லச் சொன்னேன். எத்தன கேட்டும் சொல்லலீங்க."

சபரிநாதன் சிரித்தார். "போறவ போறேன்னு சொல்லாம வேறென்னங்க சொல்லுவா? இதெ நான் எம்.டி.கிட்டச் சொன்னேன்னா, என்னையத்தான் உங்ககிட்டக் கவுன்சிலிங்குக்கு அனுப்புவாரு."

"உங்க ஊட்ல பாப்பா ஸ்கூலுக்குக் கெளம்பறப்ப என்னன்னு சொல்லுமுங்க சார்?"

அவர் சிரிப்பு நின்றது. மேசை மேல் இருந்த பேப்பர்வெயிட்டை ஒருமுறை சுற்றிவிட்டார். "அது வேறங்க" என்றார்.

பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். வியாழக்கிழமை ஆடிட் வருகிறது. இப்போது ஒரு பெண் பாதியில் போனால் ஏன் போனாள் என்று ஆடிட்டர் கேட்பான். அம்மா செத்துப்போன பெண்ணைக் கருமாதிக்கு ஏன் விடவில்லை என்று அதிலிருந்து நூல் பிடித்துக்கொண்டு போவான். "ஆடிட் முடியட்டுமுங்க. நானே கார் வெச்சு அனுப்பறேன். அதுவரைக்கும் உங்க பதிவேட்டுல 'ஊட்டு நெனப்பு, ஆலோசனை வழங்கப்பட்டது'ன்னு எழுதிப்போடுங்க."

"இன்னும் மூணு நாளு இருக்குதுங்க. அதுவரைக்கும் அவ இருக்கோணுமேங்க."

"இன்னும் ஒரு மாசத்துல உங்களுக்கு ரெண்டு வருசம் ஆகுதில்லைங்க? மலைக்குப் போயி உங்க புள்ளைங்களுக்கு ஒழைக்கோணும்னு சொன்னீங்க. நல்ல எண்ணமுங்க. சர்டிபிகேட்டுல நாந்தானுங்க கையெழுத்துப் போடோணும்." மோர் குடிக்கிறீர்களா என்று கேட்கிற குரலில்தான் இதையும் சொன்னார்.

பிரபா ஸ்டோருக்குத் திரும்பி நடந்தாள். அவள் ஒன்றும் பெரிய வீராங்கனை இல்லை. அந்தச் சான்றிதழ் அவளுக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் ஐந்து வருடப் படிப்பு பெட்டியடியில் கிடக்கும் காகிதம். மலையில் இரண்டாயிரம் பிள்ளைகள் விடுதிகளில் இருக்கிறார்கள். ஒருத்திக்காக அத்தனை பேரையும் விடுவதா என்றுகூட ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். போட்டதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தபோது சின்னாயி அதே இடத்தில், அதே மாதிரி பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்கான கேட் பாஸில் கையெழுத்துப் போடும் அதிகாரம் ஆலோசகருக்கு உண்டு. அதுவும் ஆடிட்டுக்காகக் கொடுத்த அதிகாரம்தான். இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. பிரபா பாஸ் எழுதினாள். இரண்டு பேர், ஆஸ்பத்திரி, போகும் நேரம் மூன்று ஐந்து. திரும்பும் நேரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். காவலாளி பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

நாமக்கல்லில் அரசு மருத்துவமனை டாக்டரம்மா சின்னாயியைத் தனியாக வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். வெளியே வந்தபோது சின்னாயியின் முகம் அழுது வீங்கியிருந்தது. அம்மா செத்த பிறகு அவள் அழுதது அன்றைக்குத்தான். எட்டாம் நம்பர் பிரேமுக்குப் பின்னால் அவள் எதை எடுத்து ஒளித்து வைத்திருந்தாள் என்பதை டாக்டரம்மா பிரபாவிடம் மட்டும் சொன்னார். பிரபா அங்கிருந்தே போன் செய்து, அறைத்தோழிகளிடம் அதை எடுத்துக் கீழே கொட்டிவிடச் சொன்னாள்.

சின்னாயியின் அப்பா ஆண்டி, பிரபா போனில் சொன்ன சேதி கிடைத்ததும் மிளகு மூட்டையைப் பாதியில் விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் மகளைப் பார்த்ததும் அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "வா சாமி, உங்கம்மாளுக்குப் படைக்காமத்தான் வெச்சிருக்கறேன். நீ வந்து சோறு வெய்யி" என்றார். மாத்திரைச் சீட்டைப் பிரபா அவர் பையில் போட்டாள். ஒரு மாதத்துக்குத் தனியாக விடக்கூடாது என்று மூன்று தடவை சொன்னாள்.

கொல்லிமலை பஸ் கிளம்பும்போது சின்னாயி ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"வாரேங்க்கா" என்றாள்.

பிரபா கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அழுதாள். படித்த படிப்பு அன்றைக்குத்தான் பலித்தது என்று தோன்றியது. சாறு பிழிகிறவர் ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டினார்.

மறுநாள் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் சண்டை போடவில்லை. இருபத்துமூன்று மாதத்துக்காவது சான்றிதழ் கொடுங்கள், ஒரு மாதக் குறைவை அறக்கட்டளையில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். மூன்று வாரம் நடையாய் நடந்தபின் சபரிநாதன் உறையை நீட்டினார். நல்ல தாள். கம்பெனி முத்திரை. கையெழுத்துப் பச்சை மையில் இருந்தது. 'எங்கள் விடுதியில் இருபத்துமூன்று மாதங்கள் துப்புரவுப் பணியாளராகப் பணியாற்றினார். நன்னடத்தை உடையவர்.'

பிரபா இரண்டு தடவை படித்தாள். "இது என்னங்க சார்?"

"மஸ்டர் ரோல்ல எப்பிடி இருக்குதோ அப்பிடித்தானுங்க குடுக்க முடியும். ஆலோசகர்ங்கற போஸ்ட்டே நம்ம லிஸ்ட்டுல கெடையாதுங்களே. சேந்த நாள்லயிருந்து உங்கள அதுலதான் வெச்சிருக்குது."

"நான் அன்னிக்கு அவளக் கூட்டிட்டுப் போகாம, ரெண்டு வருசமும் முடிச்சிருந்தா?"

சபரிநாதன் யோசித்துப் பார்த்துவிட்டு நேர்மையாகவே பதில் சொன்னார். "இதேதானுங்க. ஒரு மாசம் சேத்திப் போட்டிருப்போம்." பிறகு, அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "உங்க ரூமுக்கு ஆடிட்டுல நல்ல மார்க்குங்க" என்றார்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அறக்கட்டளையின் அலுவலகம் இருந்தது. ஏசி போட்ட அறை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் சாதிச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, "மலையாளியா? தமிழ் நல்லாப் பேசறீங்களே மேடம்" என்றாள். மலையை ஆளுகிறவர்கள் என்பதால் எங்கள் சாதிக்கு அந்தப் பெயர், கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பிரபா விளக்கினாள். இந்த விளக்கத்தை அவள் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து சொல்லி வருகிறாள். மலையை ஆளுகிறவர்கள் என்று சொல்லும்போது அன்றைக்கு அவளுக்கே சிரிப்பு வந்தது.

நேர்காணல் செய்த நந்தகுமார் மரியாதையான மனிதர். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "விண்ணப்பம் போட்டவங்கள்ல மலையிலயிருந்து வந்தவங்க நீங்க ஒருத்தர்தானுங்க" என்றார். அவளுக்கு உள்ளே ஏதோ துளிர்த்தது. அடுத்த தாளைத் திருப்பினார். துளிர்த்தது அங்கேயே நின்றது.

"இதுல துப்புரவுன்னு போட்டிருக்குதே மேடம்."

பிரபா நடந்ததைச் சொன்னாள். பதிவேடு, பாஸ், டாக்டரம்மா, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் தாளை மடித்து உறையில் போட்டார்.

"நான் நம்பறேன். ஆனா நாங்களும் பேப்பரத்தானே காட்டோணும்." உறையை அவள் பக்கம் நகர்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. அங்க ஒரு விடுதிக்குத் துப்புரவுக்கும் ஆள் தேவைப்படுது. அந்தப் போஸ்ட்டுக்கு உங்க சர்டிபிகேட் கரெக்டா இருக்குது."

அவர் கிண்டல் செய்யவில்லை. உதவி செய்வதாகவே நினைத்தார். அதுதான் பிரபாவுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் அம்மா கண்ணாத்தாள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள். "மனசு டாக்டருக்குப் படிச்சவ சீமாறு புடிக்கறதா? ஊர்ல கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"கெணத்தோரம் ஆராச்சும் நிக்கோணும்மா. கையில என்ன இருந்தா என்ன" என்றாள் பிரபா.

துப்புரவுக்குச் சேர்ந்தது அவள் படித்த அதே விடுதியில்தான். கிணற்றுக்கு இப்போது கம்பி வலை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் துருப்பிடித்துக் கிழிந்திருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை சேலத்திலிருந்து அறக்கட்டளையின் ஆலோசகர் ஈஸ்வர் காரில் வருவார். அவரும் நல்லவர்தான். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டுவருவார். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைசுற்றலோடு பத்து மணிக்கு உட்கார்ந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் முப்பத்தெட்டுப் படிவம் முடித்தாக வேண்டும். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும்.

ஆடி மாதத்து முதல் சனிக்கிழமை. பிரபா தாழ்வாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏழாவது படிக்கும் தமிழினி உள்ளே இருந்தாள். அந்தப் பெண் ஒரு வாரமாகத் தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோவதைப் பிரபா பார்த்திருந்தாள். வார்டனிடம் சொல்லியும் இருந்தாள். நீ கூட்டற வேலையப் பாரு என்று பதில் வந்தது.

நாற்காலியை மெல்லத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.

"போறேன் சார்."

"ஓகேம்மா. குட் கேர்ள்." மிட்டாய்க் காகிதம் சரசரத்தது. "அடுத்தது யாரு?"

தமிழினி வெளியே வந்தாள். கையில் இருந்த மிட்டாயைப் பிரிக்காமல் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, சில்வர் ஓக் மரங்களின் பக்கம் நடந்தாள். பிரபா கதவருகே போய், "சார், அந்தப் புள்ளய ஒருக்காத் திருப்பிக் கூப்புடுங்க சார்" என்றாள். ஈஸ்வர் நிமிர்ந்து அவளையும் அவள் கையிலிருந்த சீமாறையும் பார்த்தார். "ஸ்கோர் நாலுதாங்கக்கா. பயப்பட ஒண்ணுமில்ல" என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு அடுத்த படிவத்தை எடுத்தார்.

பிரபா சீமாறைச் சுவரில் சாய்த்தாள். முதலில் வேகமாக நடந்தாள். மரங்களைத் தாண்டியதும் ஓடினாள்.

"தமிழினி! நில்லு சாமி. வாரேன்னு சொல்லிட்டுப் போ."

கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் அதைச் சொல்லவில்லை. பிரபா அவள் கையை வலையிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தாள். இருவரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. ஈஸ்வரின் கார் மலையிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் வெகுநேரம் கழித்துத்தான் தமிழினி வாய் திறந்தாள். திறந்தபின் நிறுத்தவே இல்லை.

சாயங்காலம் அலுவலக மேசையில் இரண்டு பதிவேடுகள் விரித்துக் கிடந்தன. ஆலோசகர் பதிவேட்டில் 'தமிழினி, ஏழாம் வகுப்பு. மொத்தம் நான்கு. இயல்பு நிலை. ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. பணியாளர் பதிவேட்டில் வார்டன் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'பிரபா, துப்புரவு. தாழ்வாரம் பாதி கூட்டப்படவில்லை. பணி நேரத்தில் இடத்தில் இல்லை.' அதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள்.